தமிழ்ச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2024-25, டவுன்ஸ்வில், ஆஸ்திரேலியா

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம்னு புகார் வந்ததால வழக்கமானதை முதல்லயே முடிச்சிடுறேன். தீபாவளி நல்லா நடந்துச்சு, பொங்கலுக்கு சாப்பாடு பத்தல (மன்னிக்கணும்), பிப்ரவரி ஸ்போர்ட்ஸ் வெள்ளத்தால கேன்சல், இங்கம் போற ஹைவேல பாலமே உடைஞ்சு கிடந்தப்போ யார் வருவா. கணக்கை பொருளாளர் அக்கா வாசிப்பாங்க.

புதுசா செஞ்சது ஒண்ணுதான், மே மாசம் பர்டெக்கின் கரும்புத் தோட்டத்துக்கும் பேரட்டா ஓடைக்கும் போன டூர். தமிழ்ச் சங்கத்துக்கு எதுக்குப்பா பவளப்பாறை விவகாரம்னு கமிட்டில பெரிய சண்டை. பொங்கலுக்கு கரும்பு வேணும், ஊர்ல இருந்து ஆள் வந்தா கிரேட் பாரியர் ரீஃப் பவளப்பாறையைக் காட்ட கூட்டிட்டுப் போகணும், ரெண்டுக்கும் நடுவுல ஓடுற தண்ணியை மட்டும் பாக்க வேணாமான்னு நான் கேட்டேன், அதோட சண்டை முடிஞ்சுது.

அங்க மழையை மட்டும் நம்பி கரும்பு போடல, சால்ல தண்ணி பாய்ச்சுறாங்க, வயல் கடைசில மிச்சமாகுற தண்ணி வடிகால்ல இறங்கி ஓடைக்குப் போய் அங்கிருந்து பவுலிங் கிரீன் பே விரிகுடாவுல கலக்குது. அதனால மழை இல்லாத மாசத்துலயும் டையூரான், அட்ரசின் மாதிரி களைக்கொல்லி கொஞ்சம் கொஞ்சமா போயிட்டே இருக்கு. மருந்து அடிச்ச கொஞ்ச நாள்லயே பெருமழை புடிச்சா மொத்தமா அடிச்சிட்டுப் போயிடும். நம்ம யாழ்ப்பாணத்து அண்ணை ஒருத்தர் பாத்துட்டு "எங்கட ஊரில தோட்டத்துக்குப் போடுற உரம் கிணத்துக்குள்ள போகும், இஞ்ச கடலுக்குள்ள போகுது, அவ்வளவுதான் வித்தியாசம்" எண்டார்.

இந்த டையூரான் பவளப் பூச்சியை நேரா கொல்றதில்ல. பவளத்துக்கு உள்ள குடியிருந்து வெயில்ல சோறாக்கிப் போடுற நுண்பாசி இருக்கே, அதோட ஒளிச்சேர்க்கையை நிறுத்துது, வயல்ல களைக்கு என்ன பண்ணுதோ அதேதான். ஒரு லிட்டர்ல ஒரு மைக்ரோகிராம் இருந்தாலே ஒளிச்சேர்க்கை குறையுது, அதாவது ஒலிம்பிக் நீச்சல்குளம் முழுக்க ரெண்டரை கிராம்! நல்ல தண்ணி சீக்கிரம் வந்துட்டா பாசி தேறிடும். ஆனா மருந்து வர்றதும் கடல் சூடாகுறதும் ஒரே கோடைல, சூட்டுல ஏற்கனவே வாடிக் கிடக்குற பவளத்துக்கு இதையும் தாங்குற தெம்பு இருக்காது. கடற்புல்லுக்கும் இதே அடிதான், அதை மேயுற கடல்பசு, ஆமை பாடு திண்டாட்டம்.

அதுக்காக எல்லாப் பழியையும் கரும்புக்காரர் தலைல போடுறது எனக்கு சரியா படல. 2016, 2017, 2020, 2022, 2024னு பாறை வெளுத்ததுக்கு (பவளம் உள்ள இருக்குற பாசியை இழந்து வெள்ளையாகுறது) முதல் காரணம் சூடு, களைக்கொல்லி இல்ல. மருந்து அதிகம் தெரியுறதும் கரையோரப் பாறைலதான், வெளிப்பாறை வரைக்கும் பெருசா எட்டுறதில்ல. 2012லயே டையூரானுக்கு கட்டுப்பாடு வந்தாச்சு, எவ்வளவு அடிக்கலாம், எப்போ அடிக்கக்கூடாதுன்னு எல்லாம் இருக்கு. நாங்க பாத்த தோட்டத்துக்காரர் வடிகால் தண்ணியைக் குழில தேக்கி திரும்ப வயலுக்கே பம்ப் பண்றார். கரும்புச் சோகையை (காஞ்ச இலையை) மூடாக்கா வயல்லயே விட்டா களையே குறையுமேன்னு நம்ம தஞ்சாவூர் மாமா கேட்டதுக்கு, சோகை கிடந்தா சால்ல தண்ணி ஓடாது, அதான் இங்க நிறைய பேர் இன்னும் தீ வச்சு வெட்டுறாங்கன்னார். மாமா அதுக்கு ஒத்துக்கல, வேன்ல ஊர் வர்ற வரைக்கும் அதையேதான் பேசிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் முதல் மழை முடிஞ்சதும் திரும்ப போய் ஓடையைப் பாக்கலாம்னு இருக்கோம். போன தடவை வேன் ஓட்டினவருக்கு முதுகுவலி, அதனால ஓட்டத் தெரிஞ்சவங்க சாப்பிடப் போறதுக்கு முன்னாடி என்கிட்ட பேர் குடுத்துட்டுப் போங்க.