பொருள்: சமர்கந்து பயணத்தில் வானாய்வகத்தைக் காட்டாமல் விட்டது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கடந்த மாதம் உங்கள் நிறுவனம் மூலம் உஸ்பெகிஸ்தானில் உள்ள சமர்கந்துக்குத் தனியாகப் போய்வந்தேன். வெள்ளிக்கிழமை தாஷ்கந்தில் இறங்கி, ஞாயிறு இரவு அங்கிருந்தே விமானம் ஏறும் வாரயிறுதிப் பயணம்.

நான் பள்ளியில் கணித ஆசிரியை. இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே, இதை ஆண்ட வானியல் அறிஞர் உலுக் பேக்கின் வானாய்வகத்தைப் பார்க்கத்தான். பணம் கட்டும் முன் இரண்டு முறை போன் செய்து, "ஞாயிறு காலை அது உண்டுதானே?" என்று கேட்டேன். உண்டு என்றார்கள். நீங்கள் அனுப்பிய பயணத் திட்டத்திலும் இருக்கிறது.

சனிக்கிழமை காலை சமர்கந்து போகும் அஃப்ராசியாப் அதிவேக ரயிலுக்கு டிக்கெட்டே எடுக்கவில்லை என்று தாஷ்கந்தில்தான் சொன்னார்கள். அந்த ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பாஸ்போர்ட் நகலை ஐந்து வாரம் முன்பே அனுப்பியிருந்தேன். இரண்டு மணி நேரத்துச் சொச்சத்தில் போக வேண்டிய தூரத்தை, முன்பின் தெரியாத மூன்று பேருடன் காரில் ஐந்து மணி நேரம் போனேன். தனி ஆள் என்று கூடுதலாக 9,500 ரூபாய் வாங்கியது எதற்கு?

வழிகாட்டியாக வந்த இளைஞர் மேல் எனக்குக் குறையில்லை. ரெஜிஸ்தான் சதுக்கத்தில் ஷெர்-தோர் மதரஸா வாயிலில், புலியின் முதுகில் உதிக்கும் சூரிய முகத்தை நின்று பார்க்க வைத்தார். குர்-எ-அமீர் கல்லறை மாடத்தில் மன்னர் திமூரின் கல்லறையையும், அங்கேயே அடங்கியிருக்கும் பேரன் உலுக் பேக்கின் கல்லறையையும் காட்டினார். "நாளைக்கு இவர் கட்டியதைப் பார்ப்போம்" என்றார்.

ஞாயிறு காலை அவர் வரவில்லை. ஓட்டுநர் நேராகக் கம்பளக் கடைக்கு அழைத்துப் போனார், அப்புறம் பீங்கான் கடை. இரண்டரை மணி நேரம் போனது. வானாய்வகம் என்றதும், காரில் தாஷ்கந்து போக வேண்டும், நேரமில்லை என்றார். ரயில் டிக்கெட் இருந்திருந்தால் நேரம் இருந்திருக்கும்.

உங்கள் அலுவலகத்தில் இதை "சின்ன மாற்றம்" என்றார்கள். தொலைநோக்கி இல்லாத 15ஆம் நூற்றாண்டில், அந்த வானாய்வகத்தில் குன்றைக் குடைந்து இறக்கிய ஒரு பெரிய வளைவை வைத்து 1018 நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்தார்கள். நட்சத்திர ஆண்டின் (நட்சத்திரங்களை வைத்து அளக்கும் ஆண்டு) நீளத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிழையில் கணக்கிட்டார்கள். அவர்களுடைய சைன் அட்டவணை எட்டு தசம இடம் வரை சரியாக இருக்கிறது. 1449இல் உலுக் பேக் கொல்லப்பட்ட பின் இடிந்துபோன அந்தக் கட்டடத்தின் அடிப்பகுதியை 1908இல்தான் மண்ணுக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள். அந்த வளைவின் விளிம்பில் நின்று படம் எடுத்து வந்து, முக்கோணவியல் பாடத்தில் காட்டுவதாகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஊர் திரும்பியதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

தனி ஆள் கூடுதல் கட்டணம் 9,500 ரூபாய், இருவழி ரயில் கட்டணம், ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டிக் கட்டணம் ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். கடைகளைச் சேர்க்கச் சொன்னது யார் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். 15 நாளில் இரண்டும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பயணத் திட்டம், ரசீது, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்