முப்பது அடித் தெருவின் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2046 வரைக்குமாகத் தயாராகி வருவதாகச் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. நல்லது, வரட்டும். ஆனால் அது வந்து சேர்வதற்குள்ளாகவே எங்கள் தெருவின் தலையெழுத்தைக் கட்டட விதிகளின் திருத்தங்கள் எழுதி முடித்துவிட்டன.

கணக்கைச் சொல்கிறேன். நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எப்எஸ்ஐ, 1.5 ஆக இருந்தபோது அதில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் குறியீட்டை 2 ஆக்கின. கட்டடம் 4,800 ஆயிற்று. அதற்கும் மேல் வேண்டுமானால் அரசுக்குக் கட்டணம் செலுத்தி பிரீமியம் எப்எஸ்ஐ வாங்கிக்கொள்ளலாம். 9 மீட்டர், அதாவது ஏறக்குறைய முப்பது அடிச் சாலையென்றால் கூடுதலாக 30 சதவீதம், 12 மீட்டரென்றால் 40, 18 மீட்டரும் அதற்கு மேலுமென்றால் 50. ஆக, முப்பது அடித் தெருவில் உள்ள அதே ஒரு கிரவுண்டில் இப்போது 6,240 சதுர அடி எழும்பலாம். இரண்டு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு குடும்பம். மனையும் தெருவும் மட்டும் அப்படியேதான் இருக்கின்றன.

அந்த முப்பது அடியும் மனைப்பிரிவு வரைபடத்தில்தான் முழுதாக இருக்கிறது. நேரில் வந்து டேப் பிடித்துப் பார்க்கட்டும். இரு புறமும் மழைநீர் வடிகால், அதன்மேல் ஒவ்வொரு கட்டட வாசலிலும் தெருவுக்குள் இறங்கும் சிமென்ட் சாய்தளம், நடுவே ஒரு டிரான்ஸ்பார்மர், மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், போதாக்குறைக்கு இரு பக்கமும் நிற்கும் கார்கள். கோடையில் விடியற்காலையில் தண்ணீர் லாரி வந்து ஒரு கட்டடத்தின் சம்பில் குழாயைப் போட்டதென்றால், அது நிரம்பும் வரை பள்ளி வேன்கூட அசைய முடியாது. தீயணைப்பு வண்டியைப் பற்றி நான் பேசவே வரவில்லை. அனுமதி கொடுப்பவர்கள் சாலையின் அகலத்தைக் காகிதத்தில் அளக்கிறார்கள்; நாங்கள் அதில் நடக்கிறோம்.

பாதாளச் சாக்கடையின் கதை இன்னும் சுவையானது. நங்கநல்லூர் அன்று ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் அந்த நகராட்சி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைத் தொடங்கியபோது, வீட்டு இணைப்புக்கு முன்வைப்புத் தொகையாக 5,000 ரூபாய் கேட்டார்கள். அது அந்நாளில் சிறு தொகையல்ல. ஆனாலும் மக்கள் கட்டினார்கள், நானும் கட்டினேன். பொதுமக்கள் பணம் போட்டு உருவான திட்டம் என்று நாடே அதை முன்மாதிரியாகப் பேசியது. 2011-இல் நாங்கள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தோம். தெருவில் குடித்தனங்கள் பெருகப் பெருக மழைக்காலத்தில் மேன்ஹோல் மூடி வழியே கழிவுநீர் பொங்குகிறது. ஒரு கட்டடத்துக்கு பிரீமியம் எப்எஸ்ஐ கட்டணமாக வசூலான தொகையில் இந்தக் குழாய்க்கு எவ்வளவு வந்தது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தினர் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டார்கள். அது வேறு பிரிவு என்று சொல்லிவிட்டார்கள். எந்தப் பிரிவு என்று மட்டும் சொல்லவில்லை.

எங்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று முத்திரை குத்துவது எளிது. வீடு இல்லாதவர்களுக்கு வீடு வேண்டும். மெட்ரோ நிலையத்தை ஒட்டிய அகலமான சாலையில் உயரமாகக் கட்டுவதில் எனக்கு மறுப்பு கிடையாது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலையில் கொண்டுவந்த, உரிமையாளரே உறுதியளித்து அனுமதி பெறும் சுயசான்றிதழ் முறையை மனமார வரவேற்கிறேன். எங்கள் சங்கத்தின் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்ட ஒருவரே தம் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட, பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுத்தார். இரண்டு மகள்களுக்கும் பங்கு பிரிக்க அவருக்கு வேறு வழி இல்லை. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி அவரிடம் இல்லை, விதி வகுத்தவர்களிடம்தான்.

முழுமைத் திட்டம் போட்டால், 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுக்க வேண்டும். கூடுதலாக எவ்வளவு கட்டலாம், எந்தச் சாலையில் கட்டலாம் என்பதை மாற்றும் திருத்தங்களோ பெரும்பாலும் அரசாணையாகி, அரசிதழில் ஏறிய பிறகுதான் எங்கள் காதுக்கு எட்டுகின்றன. கட்டுமானச் சங்கங்களுக்கு மட்டும் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது! எங்கள் தெருவைப் பொறுத்தவரை முழுமைத் திட்டத்தைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருவது இந்தத் திருத்தங்கள்தான்.

பழைய வரலாறும் நம்பிக்கை தருவதாக இல்லை. விதிமீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த 1998-இல் சட்டத்திருத்தம் வந்தது. ஒரே ஒரு முறைக்கான சலுகை என்று 2000-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு கெடு தேதி நீண்டுகொண்டே போயிற்று. 2012-இல் 1.7.2007-க்கு முன் கட்டியவற்றுக்கென்று புதிதாக ஒரு பிரிவே சட்டத்தில் சேர்ந்தது. அன்று மீறல் நடந்த பிறகு மன்னித்தார்கள். இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டியே அனுமதித்துவிடுகிறார்கள். திறந்தவெளி ஒதுக்கீட்டிலும் இதே போக்குதான்: 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான இடத்தில், பூங்கா போன்றவற்றுக்கு விட வேண்டிய பத்து சதவீத நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் விதி இடம் கொடுக்கிறது. பணம் கட்டியாயிற்று, பூங்கா எங்கே என்று கேட்க எங்களுக்கு ஓர் இடம் இல்லை.

கேட்பதற்கென்று அரசே ஓர் இடத்தை உண்டாக்கியும் வைத்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. முதல்வரே பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். குப்பை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை எல்லாவற்றையும் அங்கே பேசலாம். அதே சபையில் கட்டட விதித் திருத்தத்தின் வரைவையும் தமிழில் வைக்கட்டும். ஒரு தெருவில் பிரீமியம் எப்எஸ்ஐ அனுமதிக்கும் முன், அங்குள்ள குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் தாங்குமா என்று குடிநீர் வாரியம் எழுத்தில் சொல்லட்டும். வசூலான கட்டணத்தை வார்டு வாரியாக வெளியிடட்டும். மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவு வரும்போது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலிருந்து ஓர் அலுவலராவது எங்கள் வார்டின் வரைபடத்தோடு பகுதி சபைக்கு வந்து உட்காரட்டும். டேப்பை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நங்கநல்லூர், சென்னை – 61.