எம்.எஸ். நோயாளிகளிடம் மனநிலையையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தங்கை ஒன்பது ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் (எம்.எஸ்.) என்னும் நரம்பு நோயுடன் வாழ்ந்துவருகிறாள். மருத்துவமனைக்கு அவளுடன் செல்லும்போதெல்லாம், எவ்வளவு தூரம் தடுமாறாமல் நடக்கிறாள், பார்வை மங்குகிறதா, சிறுநீரை அடக்க முடிகிறதா என்று பொறுமையாகவே விசாரிப்பார்கள். மனம் எப்படி இருக்கிறது என்று இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒருமுறை, அதுவும் ஒரு பயிற்சி மருத்துவர்தான் கேட்டார். அன்று அவள் அழுத பிறகுதான், இரண்டு ஆண்டுகளாக எதிலும் நாட்டமின்றி அவள் நாளைக் கடத்தி வந்தது வீட்டில் இருந்த எங்களுக்கே தெரிந்தது.

உடலின் நோய் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையைத் தாக்குவதால் வரும் இந்நோய், பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதியாகத் தொடங்குகிறது. இந்நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார்கள். ‘இப்படி ஒரு நோய் வந்தால் யாருக்குத்தான் கவலை இருக்காது’ என்று உறவினர்கள் சொல்வதில் பரிவு உண்டு. ஆனால் மூளையில் ஏற்படும் அழற்சியும் தழும்புகளும் மனநிலையை நேரடியாகவே பாதிக்கக்கூடியவை என்பதையும், நோய் திடீரெனக் கூடும்போது ஏற்றப்படும் ஸ்டீராய்டு மருந்தே சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்து மனத்தை அலைக்கழிக்கும் என்பதையும் அவர்கள் அறிவதில்லை. இந்நோய்க்கே உரிய கடும் அசதியோ, புகுந்த வீட்டில் சோம்பேறித்தனம் என்று பெயர் வாங்கிவிடுகிறது.

நோயின் கடுமையை மதிப்பிட உலகெங்கும் பயன்படுவது, அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி 1983இல் விரிவுபடுத்திய, 0 முதல் 10 வரையிலான அளவுகோல். அதன் மேற்பகுதி பெரிதும் நடக்கும் திறனையே சார்ந்தது. மனநிலை மாற்றம் மட்டும் இருந்தால் மதிப்பெண் மாறாது. ஆகவே நன்றாக நடப்பவர் நன்றாக இருக்கிறார் என்றே கோப்பில் பதிவாகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது. சட்டம் இருந்தும், கேட்பவர் இல்லாததால் நோய் வெளியே வருவதில்லை. கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, வழக்கமாகப் பிடித்த செயல்களில் ஆர்வம் குறைந்ததா என்ற இரண்டு கேள்விகளை, நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் ஒவ்வொரு வருகையின்போதும் கேட்டுக் குறித்துவைத்து, தேவைப்படுவோரை அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப மக்கள் நல்வாழ்வுத் துறை ஆணையிட வேண்டுகிறேன். அதுவரை, இரவில் துணையின்றித் தவிப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி வழி மனநல உதவிச் சேவை) எண்ணை அழைக்கலாம்.

மாத்திரையும் ஆலோசனையுமாகச் சிகிச்சை தொடங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. தங்கையின் நடையில் முன்னேற்றம் எதுவும் இல்லை. ஆனால் நிறுத்தியிருந்த கணக்கு டியூஷனைச் சென்ற மாதம் மீண்டும் தொடங்கியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திருச்சி.