செந்திலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். பின்கட்டுப் பலா அடிமரத்திலேயே பிஞ்சு விட்டிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

போனை நீ எடுக்காததால் எழுதுகிறேன். வேலையை விட்டதை அக்காவிடம் சொல்லிவிட்டு எங்களிடம் மறைப்பது என்ன நியாயம்? உன் சம்பளத்தைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவன்தான் நான், மறுக்கவில்லை. வேலை போனால் போகட்டும். என் கவலை அது இல்லை.

பொங்கலன்று மொட்டைமாடியில் கேட்டாயே, "இத்தனை வருடம் சுரங்கத்தில் உழைத்தீர்களே, எதற்காகப்பா? மனிதன் எதற்காகத்தான் வாழ வேண்டும்?" என்று. கேள்வியைவிட நீ கேட்ட குரல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இதையே உன் சித்தப்பாவும் ஒருமுறை என்னிடம் கேட்டான். அது எந்த வருடம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதை விடு. இரவில் நேரத்தோடு படு, வேளைக்குச் சாப்பிடு.

பெரிய பதில் என்னிடம் இல்லை. வடலூரில் கேட்கலாம் என்றால் தருமசாலையில் பதில் சொல்ல மாட்டார்கள், இலை போட்டுவிடுவார்கள். 1867 வைகாசியில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பார்வதிபுரத்து மக்கள் 80 காணி நிலம் கொடுத்தார்கள். 1874 தைப்பூசத்தன்று அவர் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனார், திரும்பி வரவில்லை. மறுநாளும் உலை கொதித்தது. மூட்டியவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். அன்றிலிருந்து விறகு தள்ளியவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்? சாதியும் ஊரும் கேட்காமல் சோறு போடும் இடம். நீ எதற்காக வாழ்கிறாய் என்றும் பசித்தவனை அங்கே யாரும் கேட்பதில்லை. செவ்வாய்தோறும் போய்க் காய் நறுக்குகிறேன். பூசணிக்காய் நறுக்குவதில் எனக்குப் பெயர் உண்டு, சிரிக்காதே.

என் வேலையும் அப்படிப்பட்டதுதான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தரையைப் பொத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் ஏறிவிடும். நான் ஒழுங்காக வேலை செய்த நாளில் எதுவுமே நடக்காது. போட்டோவுக்கு நின்றவர்கள் எல்லாம் பெரிய வெட்டு இயந்திரம் ஓட்டியவர்கள். பம்ப் பார்த்தவனை யார் எடுத்தார்கள்? எனக்கும் ஆத்திரம் வந்திருக்கிறது, விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றிய இரவுகள் உண்டு.

ஆனால் மாற்றாள் வராமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்ததே, அன்று இரவு ஷிப்ட் எனக்கு. காலையில் வர வேண்டியவன் வரவில்லை. விழுந்து கிடந்த முந்திரியையும் பலாவையும் தாண்டி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தான். அதுவரை இருந்தேன். பெருமையாக எல்லாம் இல்லை, அவனைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். எதற்காக இருக்கிறோம் என்று யோசிக்கவில்லை. அவன் வருவான் என்பது மட்டும் தெரியும். வந்தவன் முதலில் கேட்டது, "சாப்பிட்டீர்களா அண்ணே?"

உனக்கு இது பதிலாகப் படாது என்று தெரியும். படித்தவன், இன்னும் பெரிதாகத் தேடுவாய். தேடு. தேடி முடிக்கும்வரை இருந்துகொண்டு தேடு. இரவில் தனியாக இருக்காதே. அடுத்த அறைப் பையன் நல்லவன் என்றாயே, அவனோடு போய்ச் சாப்பிடு.

தைப்பூசத்துக்கு நீ வர வேண்டாம், நான் வருகிறேன். வியாழன் இரவு பெங்களூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீ உளறிவிடாதே. அறை எப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை, எனக்காகக் கூட்டிப் பெருக்க வேண்டாம். எத்தனை நாள் என்று கேட்காதே. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே ஒரு வரி அனுப்பு. இல்லையென்றால் எடுத்து வருகிறேன்.

அப்பா