கேட்கும் காது எங்கே இருக்கிறது?

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் தம்பிக்குப் பேரன் பிறந்த செய்தி பெரும் மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். என் மகளுக்கு இந்தத் தேர்தலில் முதல் ஓட்டு. உடன் படிக்கிறவர்களை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லிக் கைப்பேசியிலேயே விரட்டிக்கொண்டிருக்கிறாள்.

கைப்பேசியில் கத்துவதால் எதுவும் மாறாது, வசவுதான் பெருகுகிறது என்று எழுதியிருந்தாய். வசவு பெருகியது உண்மைதான். எதுவும் மாறாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2010 நவம்பரில் அமெரிக்காவில் தேர்தல் நடந்த நாளன்று ஃபேஸ்புக் சுமார் 6 கோடிப் பேருக்கு ‘இன்று வாக்களியுங்கள்’ என்று நினைவூட்டியது. கூடவே, வாக்களித்துவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்களையும் காட்டியது. சிறு பிரிவினருக்கு மட்டும் முகங்கள் இல்லாத வெறும் அறிவிப்பு. அந்த வெறும் அறிவிப்பால் வாக்குப்பதிவு கூடவில்லை; நண்பர்களின் முகத்தால் கூடியது. மொத்தம் சுமார் 3,40,000 கூடுதல் வாக்குகள் என்று 2012-இல் நேச்சர் இதழில் ஆய்வாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அவற்றில் பெரும்பகுதி, அறிவிப்பைப் பார்த்தவர்களின் நெருங்கிய நண்பர்கள் வழியாக வந்தவை. யாருக்குக் காட்டுவது, யாருக்குக் காட்டாமல் விடுவது என்பது ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது எனக்கு அச்சமாகவே இருக்கிறது. ஆனால் என் மகள் செய்வது வீண் வேலை இல்லை என்பதற்கும் இதுதான் சான்று.

வசவையும் குறைக்க முடியும். 2015-இல் தைவானில் ஊபரை அனுமதிப்பது பற்றிப் பொதுமக்களிடம் இணையத்தில் கருத்துக் கேட்டார்கள். அங்கே யாரும் யாருக்கும் பதில் எழுத முடியாது. ஒருவர் கருத்தை எழுதுவார். மற்றவர்கள் ஏற்கலாம், மறுக்கலாம், விட்டுவிடலாம். சண்டைக்கு இடமே இல்லை. எதிரெதிர் அணிகள் இரண்டும் எதை ஏற்கின்றன என்பது மெல்லத் தெரியவரும். பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது அப்படித் தெரியவந்த ஒன்று. அரசு அந்த ஒத்த கருத்துகளை முன்வைத்துத்தான் ஊபருடனும் டாக்சிக்காரர்களுடனும் பேசியது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதில் உன் பக்கம்தான் நான். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவைக் கைவிடச் சொன்ன மனுவில் 2019-இல் பிரிட்டனில் 60 லட்சம் பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது, அதோடு சரி. பின்லாந்தில் 6 மாதத்துக்குள் 50,000 கையெழுத்து சேர்ந்தால், மக்கள் எழுதிய சட்ட முன்வடிவே நாடாளுமன்றத்துக்குள் போகலாம். ஒருபால் திருமணத்துக்கான சட்டம் 2014-இல் அப்படித்தான் நிறைவேறியது.

உடைந்த நடைபாதையைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் எழுதி எழுதிச் சலித்துவிட்டது என்றாயே. அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் உன்னைப்போலத் தடுக்கி விழுகிறவர்கள். சரிசெய்ய வேண்டியவர் அங்கே இல்லை. பிரிட்டனில் 2007 முதல் ஃபிக்ஸ் மை ஸ்ட்ரீட் என்ற சேவை இருக்கிறது. வரைபடத்தில் இடத்தைக் குறித்தால் புகார் உரிய உள்ளாட்சிக்குப் போகும், எல்லோர் பார்வையிலும் இருக்கும். 4 வாரம் கழித்து, சரியாகிவிட்டதா என்று புகார் கொடுத்தவரையே கேட்கும். உன் உள்ளாட்சியிலும் இதுபோல ஏதாவது இருக்கிறதா என்று பார். இருந்தால் படத்தோடு பதிவு செய்து, புகார் எண்ணை எனக்கு அனுப்பு. அடுத்த மாதம் நானும் உன்னிடம் விசாரிப்பேன்.

உன் அன்பு நண்பன்