வேலிக் கொவ்வைக்கு மருந்தடிக்காதீர்கள்: எங்கள் பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

தவிசாளர், உறுப்பினர்கள், வீதி வேலை பார்க்கும் தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

போன கிழமை சந்தியிலிருந்து குளக்கட்டு வரைக்கும் வீதியோரப் புல்லுக்குக் களைநாசினி அடித்தீர்கள். புல்லோடு சேர்த்து எங்கள் வேலியில் படர்ந்திருந்த கொவ்வையிலும் விழுந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

தானாக முளைத்த கொடிதானே என்பீர்கள். சரி, அதை யாரும் நட்டதில்லை. பழம் தின்ற குயிலும் புலுனியும் போட்ட விதை. ஆனால் போர் முடிந்து 2010 இல் செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து வன்னிக்குத் திரும்பி வந்தபோது, கூரையில்லாத வீட்டையும் பட்டுப்போன கிளுவைக் கதியால்களையும் மூடிக்கொண்டு நின்றது இந்தக் கொடிதான். நிவாரண அரிசியும் பருப்பும் இருந்தன, மரக்கறி இல்லை. அம்மா கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி, மெல்லிசாக அரிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் வதங்கியதும் போடுவார். தேங்காய் கிடைத்த நாளில் தேங்காய்ப்பூவும் சேரும். இரண்டு பிரட்டு, இறக்கித் தேசிக்காய்ப் புளி. கொஞ்சம் பிந்தினாலும் இலையின் பச்சை போய்விடும் என்று, அந்த நேரம் பக்கத்தில் யாரையும் பேசவிடமாட்டார்.

இப்போது எங்கள் வேலிக்குச் சலரோகக்காரர்தான் அதிகம் வருகிறார்கள். கொவ்வை இலை இரத்தச் சீனியைக் குறைக்கிறதா என்று ஆரோக்கியமானவர்களிடம் சோதித்த ஓர் ஆய்வு 2011 இல் இலங்கையிலேயே வந்தது. குறைகிறது என்றுதான் முடிவு. (அதற்காகக் கிளினிக் மாத்திரையை நிறுத்திய மாமா ஒருவரை ஏசித்தான் அனுப்பினேன்.)

மருந்து பட்ட இலை அன்றே வாடாது. சில நாளுக்குப் பச்சையாகவே நிற்கும். விடியவே பையோடு வருகிற ஆச்சிக்கு எந்தக் கொழுந்தில் மருந்து பட்டது என்று எப்படித் தெரியும்? மூன்று நாள் நான் படலையில் நின்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

கொடியை அப்படியே விட்டால் மரத்தை மூடும், மின்கம்பியில் ஏறும். ஹவாய், குவாம் தீவுகளில் இதுவே பெருங்களை. வெட்டத்தான் வேண்டும், ஆனால் கத்தியால் வெட்டுங்கள். அடியில் கிழங்கு கிடக்கிறது, மழைக்குத் திரும்பவும் துளிர்க்கும். கொவ்வையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. எங்கள் வேலியில் காய்க்கிற கொடி ஒன்றே ஒன்றுதான். அது படலைக்கு இடப்பக்கம் நிற்கிறது.

மருந்துதான் அடிப்போம் என்றால், இரண்டு நாள் முந்திக் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அடித்த இடத்தில் சிவப்புத் துணி ஒன்று கட்டுங்கள். துணி நான் தருகிறேன்.

இப்படிக்கு,
குளக்கட்டு வீதிக்காரர் ஒருவர்