சூரிய மின் நிறுவனங்களே, பத்திரத்துக்கு முன் கிராம சபைக்கு வாருங்கள்

சேலம் மாவட்டத்தில் நிலம் தேடிவரும் சூரிய மின் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர்ப் பக்கத்து மேட்டுக்காடுகளில் விவசாயமும் ஆடு வளர்ப்பும் மின்பணியும் செய்கிறவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். சோலார் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மானாவாரிச் செம்மண் காட்டுக்கு நிலையான குத்தகை கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? நீங்கள் ஊருக்குள் வரும் விதத்தில்தான் எங்களுக்குக் குறை.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்குள் சூரிய மின் நிலையங்கள் வராது. அதனால் கருத்துக்கேட்புக் கூட்டமும் கிடையாது. ஊர்க்காரர் முதலில் பார்ப்பது தரகரை. அவர் பவர் பத்திரத்தில் துண்டு துண்டாக நிலத்தை வளைத்து முடித்த பிறகு கம்பி வேலி வருகிறது. 2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு அளவுக்கல் நட்டதை இந்த மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. சட்டம் கேட்காவிட்டாலும் கிராம சபைக்கு நீங்களாக வாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது புல வரைபடமும், எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த்துறையின் அ-பதிவேடும். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்தால் ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதை, ஏரிக்கு நீர் போகும் வாய்க்கால் எதுவும் கண்ணில் படாது. அவை வேலிக்குள் சிக்கினால் அந்த வழியாகக் காட்டுக்குப் போகும் பத்துக் குடும்பங்கள் சுற்றிப்போக வேண்டும். பஞ்சமி நிலம் இருக்கிறதா என்பதைப் பழைய அ-பதிவேட்டையும் வைத்துப் பாருங்கள். பட்டியல் சாதியினர் அல்லாதவருக்குக் கைமாறக் கூடாத நிலம் அது. தரகர் எந்தப் பத்திரம் காட்டினாலும் அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது மழைத்தண்ணீர். பெரும்பாலான தகராறு இங்கேதான் தொடங்குகிறது. வேலை சுலபமாக முடியட்டும் என்று வரப்பையெல்லாம் ஜேசிபி வைத்துத் தட்டி, மேல்மண்ணை வழித்து, முழுக் காட்டையும் ஒரே சரிவாக்கி விடுகிறார்கள். ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர் விழும். இறுகிய தரையில் பாதி ஓடினாலும், 20 மெகாவாட் நிலையத்துக்கான 80 ஏக்கரிலிருந்து 80 லட்சம் லிட்டர் ஒரே மூலையில் போய்ச் சேரும். கீழ்க்காட்டுக்காரரின் மரவள்ளி அடித்துக்கொண்டு போகும். பேனலின் கீழ் விளிம்பிலிருந்து கோடு போட்டாற்போல் ஒழுகும் தண்ணீர் மண்ணை அரித்து, சில வருடங்களில் உங்கள் தூண் அடியையே வெளியே காட்டிவிடும். வரப்பை அப்படியே விடுங்கள். மேடுபள்ளத்துக்குத் தக்கபடி தூணின் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். தாழ்ந்த மூலைகளில் பண்ணைக்குட்டை வெட்டி, மிஞ்சிய நீர் வழியும் அதன் கலங்கலை ஊர் ஓடையோடு சேருங்கள்.

அந்தக் குட்டை உங்களுக்கும் பயன்படும். 20 மெகாவாட்டுக்கு 540 வாட் பேனல் ஏறக்குறைய 37,000 வேண்டும். ஒன்றைக் கழுவ 2 லிட்டர் என்று வைத்தாலும் ஒருமுறைக்கு 74,000 லிட்டர். மாதம் இருமுறை கழுவினால் 12,000 லிட்டர் தண்ணி லாரி 12 நடைக்கு மேல். இங்கே பாறைக்குள் இறங்கிய போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கழுவிக் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் விழும். அதற்காக ஆர்.ஓ. வைத்தால் கழிவு உப்புநீரை எங்கே விடுவது? தெளியவைத்து மணல் வடிகட்டியில் விட்ட மழைநீரில் அந்தத் தொல்லை குறைவு. தண்ணீரில்லாமல் துடைக்கும் இயந்திரங்களும் உண்டு. போர்வெல் போடுவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

புல்லுக்குக் களைக்கொல்லி அடிக்காதீர்கள். வெற்றுத் தரையில் தூசி கிளம்பும், தூசி படிந்தால் கழுவும் தண்ணீரும் கூடும். கொழுக்கட்டைப்புல் விதையுங்கள். மேச்சேரி இனச் செம்மறி இந்த மண்ணின் ஆடு, மேய விடுங்கள். வெள்ளாடு மட்டும் வேண்டாம். பேனல்மேல் ஏறும், வயரைக் கடிக்கும். பேனலின் கீழ் விளிம்பு வழக்கமான அரை மீட்டருக்குப் பதில் 80, 90 சென்டிமீட்டர் இருந்தால் செம்மறி தாராளமாகப் போய்வரும். இரும்புச் செலவு கொஞ்சம் ஏறும்தான், ஆனால் புல் வெட்டும் கூலி மிச்சம். வயரைச் சாதாரண நைலான் டையில் கட்டாதீர்கள். வெயிலில் அது நொறுங்கி, வயர் தொங்கி, ஆட்டின் கழுத்தில் மாட்டும். உரசிய இடத்தில் மின்கசிவு வரும். துருப்பிடிக்காத எஃகு கிளிப் போடுங்கள். மேய்ச்சல் உரிமை நிலம் கொடுத்தவருக்கும் முன்பு அங்கே பட்டி போட்டவருக்கும் எழுத்தில் இருக்கட்டும்.

மாசி முதல் சித்திரை வரை காய்ந்த புல்லில் தீ பயம் உண்டு. வெவ்வேறு கம்பெனி வயர் கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகினாலும், வயர் முனையை அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் சரியில்லாவிட்டாலும் அந்த இணைப்பு சூடேறி உருகும். வேலியை ஒட்டி உட்புறம் 5 மீட்டர் அகலத்துக்குப் புல் இல்லாமல் வையுங்கள். பகலில் பிரேக்கரை இறக்கினாலும் பேனலில் மின்சாரம் நிற்காது, 1,500 வோல்ட் வரை இருக்கும் என்பதை ஊர் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். தீயைப் பார்த்ததும் குடத்தோடு ஓடிவருவது அவர்கள்தான்.

வேலைவாய்ப்பு பற்றிப் பெரிதாகப் பேசாதீர்கள். கட்டும் மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் வருவார்கள், பிறகு காவலுக்கும் கழுவுவதற்கும் சிலர் போதும். அந்தச் சிலரையாவது இந்த ஊரிலிருந்து எடுங்கள். ஐ.டி.ஐ. படித்தவரை சூர்யமித்ரா என்ற மத்திய அரசின் சோலார் பயிற்சிக்கு அனுப்பினால் பராமரிப்பு வேலைக்கும் ஆள் கிடைக்கும்.

சி.எஸ்.ஆர். (நிறுவன சமூகப் பொறுப்பு) என்று நீங்கள் சொல்லும் 2 சதவீதம், கடந்த மூன்று ஆண்டு லாபத்தின் சராசரியில் கணக்கிடப்படுவது. திட்டத்துக்கென்றே புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு அது பல ஆண்டு பூஜ்யமாகவே நிற்கலாம். ஆகவே யூனிட்டுக்கு 3 பைசா என்று திட்டச் செலவிலேயே வைத்துவிடுங்கள். ஒரு மெகாவாட் ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் தரும். 20 மெகாவாட்டுக்கு 9.6 லட்சம் ரூபாய் வரும். எதற்குச் செலவழிப்பது என்பதைக் கிராம சபை முடிவு செய்யட்டும். பேட்டரி செத்த சோலார் தெருவிளக்குக் கம்பங்கள் எங்கள் ஊர்களில் போதுமான அளவு நிற்கின்றன.

கடைசியாக, வெளியேறும் கணக்கு. 25 ஆண்டுக்குப் பின் இரும்பும் செம்பும் விலை போகும், கண்ணாடியும் கான்கிரீட்டும் காட்டிலேயே கிடக்கும். 2022 மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்திருக்கிறது. ஆனால் தூணைப் பிடுங்கி நிலத்தை உழவுக்குத் திருப்பித் தரும் பொறுப்பைக் குத்தகைப் பத்திரம்தான் சொல்ல வேண்டும். தரைக்குக் கீழ் ஒரு மீட்டர் வரை எல்லாவற்றையும் அகற்றுவது, பத்தாம் ஆண்டிலிருந்து அதற்கான வங்கி உத்தரவாதம், கம்பெனி கைமாறினாலும் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும் விதி ஆகிய மூன்றும் பதிவு செய்த பத்திரத்தில் இருக்கட்டும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. வரும்போது புல எண் பட்டியல், மழைநீர் வடிகால் வரைபடம், தண்ணீர்க் கணக்கு, குத்தகைப் பத்திரத்தின் தமிழ் வரைவு நான்கையும் கொண்டுவாருங்கள். பதினைந்து நாள் முன்னதாக ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவிட்டால் நாங்களும் படித்துவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
மேட்டூர், ஓமலூர் வட்டத்து விவசாயிகள், ஆடு வளர்ப்போர், வயர்மேன்கள்